பேராசிரியர் பக்கத்தில் "உலோக அணைவுச் சேர்மங்கள்" என்று போட்டிருந்தால் உண்மையில் என்ன ஆராய்ச்சி செய்கிறார்?

மயில்துத்தம்:
எம்.எஸ்சி வேதியியல் முடித்தாயிற்று, பிஎச்.டிக்கு கைட் தேடிக்கொண்டிருக்கிறேன். கனிம வேதியியல்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்தத் துறையின் பக்கத்தைத் திறந்தாலும் பேராசிரியர் பெயருக்குக் கீழே அதே நாலு வரி: இடைநிலை உலோக அணைவுச் சேர்மங்கள், ஷிஃப் பேஸ் ஈனிகள், உயிர்கனிம வேதியியல், எம்.ஓ.எஃப். எல்லாரும் ஒரே வேலையா செய்கிறார்கள்? "உலோகத்தை வச்சு என்னம்மா பண்ணுவீங்க" என்று வீட்டில் கேட்டால் எனக்கே சொல்ல வரவில்லை. ஒரு சாரைப் போய்ப் பார்க்கும் முன்னால் கொஞ்சம் தெளிவு வேண்டும்.

பழைய பிப்பெட்:
வேலை வேறு வேறு, அடியில் ஓடும் கேள்வி ஒன்றுதான். உலோக அயனியைச் சுற்றி எது பிணைந்திருக்கிறது, எந்த வடிவில், எப்போது கழலும். அப்படிச் சுற்றிப் பிணைவதைத்தான் ஈனி என்கிறோம், உலோகமும் ஈனியும் சேர்ந்தது அணைவு.

கோபால்ட் குளோரைடு அம்மோனியாவோடு சேரும் உப்புகளைப் படித்திருப்பீர்கள். ஆறு அம்மோனியா இருந்தால் மஞ்சள், ஐந்து என்றால் செவ்வூதா, நான்கு என்றால் ஒன்று பச்சை, இன்னொன்று ஊதா. சில்வர் நைட்ரேட் ஊற்றினால் முதலாவதில் மூன்று குளோரைடும் வெள்ளை வீழ்படிவாக இறங்கும், அடுத்ததில் இரண்டு, நான்கு அம்மோனியா உள்ளதில் ஒன்றே ஒன்று. மீதி எங்கே? உலோகத்தோடு நேரடியாகப் பிணைந்துவிட்டது, அதனால் வெளியே வராது என்று 1893இல் ஆல்ஃபிரட் வெர்னர் சொன்னார், அப்போது அவருக்கு வயது 26தான். 1913இல் நோபல் பரிசு. இன்றைக்கும் அணைவு வேதியியலில் எதைத் தொட்டாலும் அங்கேதான் போய் நிற்கும்.

"உயிர்கனிம" என்று போட்டிருப்பவர்கள் உயிருக்குள் உலோகம் என்ன செய்கிறது என்று பார்ப்பவர்கள். அவர்களைப் புரிந்துகொள்ள சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டினம் அணைவு ஒன்றே போதும், அதில் இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரைடு. 1845இல் பெய்ரோன் தயாரித்த மஞ்சள் உப்பு, நூறு வருஷத்துக்கு மேல் அது மருந்தாகும் என்று யாரும் நினைக்கவில்லை. அப்புறம் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க், மின்புலத்தில் பாக்டீரியா எப்படிப் பெருகுகிறது என்று பார்ப்பதற்காக பிளாட்டினம் மின்வாய்களை வைத்தார். ஈ.கோலை பிளவுபடாமல் நூல் மாதிரி நீண்டுகொண்டே போயிற்று. காரணம் மின்புலம் இல்லை. மின்வாயிலிருந்து கொஞ்சம் பிளாட்டினம் கரைந்து, ஊடகத்தில் இருந்த அம்மோனியம் குளோரைடோடு சேர்ந்து அணைவாகியிருந்தது. அந்தக் கட்டுரை 1965இல் வந்தது, 1978இல் அமெரிக்காவில் புற்றுநோய் மருந்தாக அனுமதி கிடைத்தது. ரத்தத்தில் குளோரைடு நிறைய, அதனால் மருந்தின் குளோரைடுகள் பெரும்பாலும் கழலாது. செல்லுக்குள் குளோரைடு குறைவு, அங்கே அவை கழன்று நீர் வந்து பிணையும், பிறகு பிளாட்டினம் டி.என்.ஏவின் குவானினைப் பிடித்துக்கொள்ளும். அதே அணுக்களை டிரான்ஸ் வடிவில், அதாவது இரண்டு குளோரைடும் பக்கத்தில் இல்லாமல் எதிரெதிரே இருக்கும்படி வைத்தால் மருந்தாகப் பயன்படாது. சிறுநீரகத்தைக் கெடுக்காத மருந்து வேண்டும் என்று ஈனியை மாற்றிப் பார்த்ததில்தான் கார்போபிளாட்டின் வந்தது.

வாணியம்பாடியான்:
வீட்டில் கேட்டால் செருப்பைக் காட்டுங்கள், தப்பா நினைக்க வேண்டாம், உண்மையாகத்தான் சொல்கிறேன். குரோமிய உப்பால் பதனிடும் குரோம் தோல் என்பதே அணைவு வேதியியல். தோலின் கொலாஜன் புரதத்தில் உள்ள கார்பாக்சில் தொகுதிகள் குரோமியத்துக்கு ஈனியாகி இழைகளைக் குறுக்கே கட்டிவிடுகின்றன. டிரம்மில் முதலில் அமிலம் போட்டு பி.எச்சை 3 பக்கம் இறக்கி வைப்பார்கள், அப்போதுதான் குரோமியம் மேலேயே ஒட்டிக்கொள்ளாமல் உள்ளே இறங்கும். பிறகு சோடா பைகார்பனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு 4 பக்கம் ஏற்றினால் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டு ஏற்றினால் தோலின் மேல்பரப்பு கெட்டது. வெளியே வரும் நீலத் தோலுக்கு வெட் புளூ என்று பெயர், கொதிநீரில் போட்டாலும் சுருங்காத அளவுக்குச் செய்யலாம். போட்ட குரோமியம் முழுக்கத் தோலில் ஏறுவதில்லை, மிச்சம் கழிவுநீரோடு போகிறது. பாலாற்றங்கரையில் இருப்பவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அந்த மிச்சத்தைக் குறைப்பதும் ஆராய்ச்சிதான், அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இதைப் பல காலமாகச் செய்கிறார்கள்.

ராத்திரி ரிஃப்ளக்ஸ்:
எல்லாரும் பெருமையைச் சொல்லிவிட்டார்கள், நான் அன்றாட வேலையைச் சொல்கிறேன்.

சாலிசிலால்டிஹைடையும் ஒரு அமீனையும் எத்தனாலில் ரிஃப்ளக்ஸ் செய்தால், அதாவது ஆவி குளிர்ந்து திரும்பி விழும்படி கொதிக்க வைத்தால், மஞ்சளாக ஷிஃப் பேஸ் வரும், கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்புள்ள ஈனி அது. அதில் காப்பர் அசிட்டேட் கரைசலை ஊற்றினால் கண்ணெதிரே நிறம் மாறும், அந்த நிமிஷம் நிஜமாகவே நன்றாக இருக்கும். அதன் பிறகு வடிகட்டு, கழுவு, காய வை, ஐ.ஆர் (அகச்சிவப்பு நிறமாலை) எடு, அந்த இரட்டைப் பிணைப்பின் கோடு நகர்ந்திருக்கிறதா பார். படிகம் வேண்டும் என்று சின்னக் குப்பியில் கரைசலை ஊற்றி, மூடியில் ஊசித் துளை போட்டு, யாரும் ஆட்டாத மூலையில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் பொடிதான் கிடைக்கும். நல்ல ஒற்றைப் படிகம் வந்தால் எக்ஸ்ரேக்கு அனுப்பலாம். சொந்தக் கருவி இல்லாத இடமென்றால் சாம்பிளை வெளியே அனுப்பி, பணம் கட்டி, வரிசையில் நிற்க வேண்டும்.

என் கருத்து கொஞ்சம் கசப்பு. ஈனியில் ஒரு மெத்தில் தொகுதியை மாற்றி, காப்பர் நிக்கல் கோபால்ட் ஜிங்க் நாலோடும் சேர்த்து, பெட்ரி தட்டில் பாக்டீரியா வளராத வளையத்தை மில்லிமீட்டரில் அளந்து, "உயிரியல் செயல்திறன்" என்று முடிக்கும் கட்டுரைகள் ஏராளம். அந்த அணைவு கரைசலில் முழுசாக இருக்கிறதா என்றே பலர் பார்ப்பதில்லை. டி.எம்.எஸ்.ஓ என்ற கரைப்பானில் கரைத்தால் அந்தக் கரைப்பானே ஈனியாக உள்ளே நுழையும். சிஸ்பிளாட்டினிலேயே குளோரைடைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடும். அப்புறம் நீங்கள் சோதித்தது எந்தச் சேர்மத்தை?

எம்.ஓ.எஃப் என்பது உலோக முடிச்சுகளைக் கரிம ஈனிகளால் இணைத்த நுண்துளைச் சட்டகம். கிடகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் 2025 நோபல் கிடைத்த பிறகு எல்லார் பட்டியலிலும் அது ஏறும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

மயில்துத்தம்:
ரொம்ப நன்றி அண்ணா, எல்லாருக்கும். நான் பார்க்கப்போகும் சார் காப்பர் அணைவுகள்தான் செய்கிறார். அவரிடம் என்ன கேட்கலாம்?

ராத்திரி ரிஃப்ளக்ஸ்:
இணையில்லாத எலக்ட்ரானைப் பார்க்கும் ஈ.பி.ஆர் நிறமாலையை எங்கே எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். காப்பர்(II)இல் இணையில்லாத எலக்ட்ரான் ஒன்று இருப்பதால் என்.எம்.ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கோடுகள் அகன்று ஒன்றும் தெரியாது. அதனால் பலர் அதே ஈனியில் ஜிங்க் அணைவையும் செய்து அதற்கு என்.எம்.ஆர் எடுப்பார்கள். கரைசலில் நிலைப்புத்தன்மை பார்க்கிறார்களா என்றும் கேளுங்கள், பதில் சொல்கிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். மீதிக்கு அவருடைய மாணவர்களிடம் பேசுங்கள், சார் இல்லாத நேரமாகப் பார்த்து.