விளிச்சொல்லுக்குப் பின் காற்புள்ளி கட்டாயமா?

வினா:
வணக்கம். ஒருவரை நேரடியாக அழைத்து எழுதும்போது, அழைக்கும் சொல்லை (விளியை) அடுத்துக் காற்புள்ளி இட வேண்டுமா என்பதில் எனக்கும் என்னுடன் மெய்ப்புத் திருத்துபவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது. 'நண்பர்களே', 'ஐயா' என்று சொல்லின் வடிவமே அழைப்பைக் காட்டிவிடுவதால் குறி தேவையில்லை என்கிறார் அவர். விளி வாக்கியத்தின் நடுவில் வந்தால் என்ன செய்வது என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1:
இட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. விளியில் வரும் அதே ஏகாரம் உறுதியைக் காட்டும் தேற்றப் பொருளிலும், பலவற்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டும் பிரிநிலைப் பொருளிலும் வருவதால், வடிவத்தை மட்டும் நம்ப முடியாது. 'ஆசிரியரே சொல்லிவிட்டார்' என்றால் சொன்னவர் ஆசிரியர். 'ஆசிரியரே, சொல்லிவிட்டார்' என்றால் ஆசிரியர் கேட்பவர், சொன்னவர் வேறொருவர். பெயர் உருத்திரியாமல் நிற்கும் இயல்பு விளியில் குழப்பம் இன்னும் கூடும். 'அம்மா சொன்னது கேட்டதா?' என்று எழுதினால், அம்மாவின் பேச்சு காதில் விழுந்ததா என்று வேறு யாரிடமோ கேட்பதாகத்தான் படிப்பவர் கொள்வார். 'அம்மா, சொன்னது கேட்டதா?' என்று எழுதினால்தான் கேள்வி அம்மாவிடம் போய்ச் சேரும். 'மாலா அக்கா வந்துவிட்டார்' என்பதில் இருப்பவர் ஒருவர்; மாலாவுக்குப் பின் காற்புள்ளி இட்டால் இருவர்.

நடுவில் வரும் விளிக்கு இருபுறமும் குறி வேண்டும்: 'நீங்கள் கேட்டபடியே, ஐயா, கடிதத்தை அனுப்பிவிட்டேன்.' ஒரு பக்கம் மட்டும் இட்டுவிடுவது, இடாமல் விடுவதைவிடப் படிப்பவரை அதிகம் தடுமாற வைக்கும். இறுதியில் வந்தால் முன்னால் மட்டும் போதும்: 'எப்போது வருகிறாய், தம்பி?' ஆனால் 'என் அன்புத் தோழி மாலா' என்பதுபோல் அடைமொழியோடு அழைக்கும்போது, அடைமொழிக்கும் பெயருக்கும் இடையில் குறி கூடாது.

மறுமொழி 2:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். 'கட்டாயம்' என்பதை மட்டும் ஏற்கத் தயங்குகிறேன். தொல்காப்பியத்தில் விளிமரபு என்று தனி இயலே இருக்கிறது. ஆயினும் ஓலைச்சுவடிகளில் இன்றைய நிறுத்தற்குறிகள் இல்லை, அவை அச்சு நூல்களோடு பரவியவை. 'தம்பி வா' போன்ற சிறிய ஏவல் தொடரில் வினையே பொருளைத் தெளிவாக்கிவிடுகிறது. மேடைப் பேச்சை எழுத்தில் தரும்போது 'பெரியோர்களே! தாய்மார்களே!' என்று உணர்ச்சிக்குறி இடுவதும் முறையானதே.

வினா எழுப்பியவர்:
இருவருக்கும் நன்றி. 'வணக்கம் ஐயா' என்பதற்கும் இது பொருந்துமா?

மறுமொழி 1:
இலக்கணப்படி 'வணக்கம், ஐயா' என்பதே சரி. இருப்பினும், ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய வாழ்த்துத் தொடர் என்பதால் பலரும் குறியை விட்டுவிடுகிறார்கள். பொருள் மயக்கம் இல்லாத அந்த இடத்தில் நான் திருத்துவதில்லை. கடிதத் தொடக்கத்தில் வரும் 'அன்புடையீர்' என்பதற்குப் பின் மட்டும் காற்புள்ளியை விட்டுவிடாதீர்கள்.