எட்டாம் வகுப்புக்கு ப்ரொனவுன்: உங்கள் வகுப்பில் பலித்த வழி வேண்டும்

ஆசிரியர்களுக்கு வணக்கம். திருவண்ணாமலை பக்கம் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளி. எட்டாம் வகுப்பு, தமிழ் வழி, 38 பிள்ளைகள். ஜூனில் தொடங்கிய ஆங்கில ப்ரொனவுன் (பெயருக்குப் பதிலாக வரும் 'ஹீ, ஷீ' போன்ற சொற்கள்) இன்னும் முடிந்தபாடில்லை.

பட்டியலாகக் கேட்டால் 'ஐ, மீ, மை, மைன்' என்று கடகடவென ஒப்பிக்கிறார்கள். சொந்தமாக எழுதச் சொன்னால்தான் சிக்கல். அம்மாவைப் பற்றி ஐந்து வரி கேட்டேன். நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி, 'மை மதர் இஸ் எ டெய்லர். தே ஸ்டிச் பிளவுஸ்' என்று எழுதியிருந்தாள். அம்மாவை 'அவங்க' என்று சொல்லியே வளர்ந்த பிள்ளை, 'ஷீ' வர வேண்டிய இடத்தில் மரியாதைக்கு 'தே' போட்டிருக்கிறாள். சிவப்பு மையால் அடிக்கவே எனக்கு மனம் வரவில்லை. 'எனக்குப் பிடிக்கும்' என்பது 'ஐ லைக்' ஆகாமல் 'மீ லைக்' ஆவதும் இப்படித்தான்.

கரும்பலகை அட்டவணை, சார்ட், வார்த்தை அட்டைகள் எல்லாம் பார்த்தாயிற்று. அப்புறம் பந்தை எறிந்து 'ஹீ, ஷீ' சொல்லும் விளையாட்டு. வகுப்பே கலகலத்தது; மறுநாள் நோட்டில் அதே 'தே'. புரொஜெக்டர் கிடையாது, பாடவேளை 40 நிமிடம். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு.

இந்த 'அவங்க – தே' குழப்பம் எழுத்தில் தீர, உங்கள் பிள்ளைகளிடம் பலித்த விளையாட்டு எது?