ஹெக்டர் மன்றோ: பக்சாரின் வெற்றியா, புள்ளலூரின் பழியா?

வடகரையான்:
மன்றோ என்றதும் சென்னைத் தீவுத்திடலில் குதிரைமேல் இருக்கும் தாமஸ் மன்றோதான் பலருக்கும் நினைவு வரும். நான் சொல்வது ஹெக்டர் மன்றோ, 1726இல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். 1764 அக்டோபரில் பிகாரின் பக்சாரில், ஏழாயிரம் பேரை வைத்துக்கொண்டு வங்காளத்தின் முன்னாள் நவாப் மீர் காசிம், அவத் நவாப், முகலாயப் பேரரசர் ஷா ஆலம் மூவரின் கூட்டுப்படையை முறித்தவர். கும்பினிக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, வங்காளத் திவானி என்னும் வரி வசூல் உரிமை கிடைத்ததே அதன் பிறகுதான். ஊர் திரும்பி 1768இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார், 1802 வரை விடவில்லை. கிளைவுக்கு இருக்கும் பெயரில் பாதிகூட இவருக்கு இல்லையே?

செங்கழுநீர்:
காஞ்சிபுரம் பக்கம் வந்து கேளுங்கள், சொல்வார்கள். 1780 செப்டம்பர் 10 அன்று, குண்டூரிலிருந்து வந்த கும்பினித் தளபதி பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் புள்ளலூரில் வளைத்து அழித்தார்கள். பீரங்கிச் சத்தம் கேட்கும் தூரத்தில், காஞ்சியில், பெரும்படையோடு இருந்தார் உங்கள் மன்றோ. அப்புறம் கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்கு ஓட்டம். இதற்கு என்ன பெயர் வைப்பது?

வடகரையான்:
அவசரப்படாதீர்கள். கொசஸ்தலையாற்றில் வெள்ளம், பெய்லி அக்கரையில் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார். மன்றோ நகர்ந்தால் காஞ்சியில் சேர்த்துவைத்த அரிசி ஹைதர் கைக்குப் போகும். சோறில்லாமல் எந்தப் படை சண்டை போடும்? அப்படியும் ஃபிளெட்சர் தலைமையில் ஆயிரம் பேரை அனுப்பத்தான் செய்தார்.

செங்கழுநீர்:
அதுதானே பிழையே! போனால் முழுப்படையும் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் ஆளை அனுப்பியிருக்கக் கூடாது. அந்த ஆயிரம் பேரும் பெய்லியோடு சேர்ந்து மாட்டிக்கொண்டதுதான் மிச்சம். இரண்டு படையும் சென்னைக்குப் பக்கத்தில் சேரட்டும் என்று இன்னொரு படைத் தலைவரான மக்லியட் பிரபு முன்பே சொன்னார். காஞ்சியில்தான் சேர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது யார்? ஆற்றுமேல் பழியைப் போடாதீர்கள்.

நாகைக்காரன்:
எங்கள் ஊர்க் கதையை இருவரும் மறந்துவிட்டீர்களே. 1781 நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தவர் இவர்தான். உள்ளே இருந்த படை, முற்றுகையிட்டதைவிடப் பெரிது. அந்தக் கோட்டை வாசலைப் போலவே ஒரு சின்னத்தைத் தன் ஊர்ப்பக்கம், ஆல்னஸ் அருகே ஃபைரிஷ் மலை உச்சியில் கட்டவைத்தார். இங்கே டச்சுக் கோட்டை போய்விட்டது, அங்கே வாசல் மட்டும் நிற்கிறது! வேலையில்லாத ஊர்மக்களுக்குக் கூலி கிடைக்கவே கட்டினாராம். வேலை நீள வேண்டும் என்று கற்களை உருட்டிவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு.

செங்கழுநீர்:
கூலி கொடுக்க மலையுச்சியில் வளைவுதான் கட்ட வேண்டுமா? ரோடு போட்டிருக்கலாம். புள்ளலூரை மறைக்க நாகப்பட்டினத்தைத் தூக்கிக் காட்டினார், அவ்வளவுதான்.

வடகரையான்:
அரசியலையும் பாருங்கள். 34 வருடம் ஒரே தொகுதி என்றால் மக்கள் ஆதரவு இல்லாமலா?

செங்கழுநீர்:
எந்த மக்கள்? அவர் தொகுதியான இன்வெர்னஸ் பர்க்ஸ் என்பது இன்வெர்னஸ், நேர்ன், ஃபோரஸ், ஃபோர்ட்ரோஸ் என்ற நான்கு சிற்றூர்கள். ஒவ்வொன்றின் நகர மன்றமும் ஒரு பிரதிநிதியை அனுப்பும், மொத்தம் நாலே ஓட்டு. 1780 பொதுத் தேர்தல் தொடங்கியதும் புள்ளலூர் நடந்த அதே செப்டம்பர்தான். ஆள் இந்தியாவில், ஜெயித்தது ஸ்காட்லாந்தில்.

தாழைமடல்:
படித்துக்கொண்டே வந்தேன். பக்சாருக்குச் சில வாரம் முன்பு, கலகம் செய்த 24 சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுடவைத்தவரும் இவரே. முதலில் கட்டப்பட்டவர்களை விலக்கச் சொல்லி, போரில் எப்போதும் முன்வரிசை எங்களுடையது, இதிலும் நாங்களே முதலில் போகிறோம் என்று கிரெனடியர் என்னும் தேர்ந்த பிரிவின் சிப்பாய்கள் கேட்டார்கள். 1772இல் நாடாளுமன்றக் குழு முன் இதைச் சொன்னவர் வேறு யாருமில்லை, மன்றோவே. வீரர் யார் என்றுதானே பேசுகிறீர்கள்? அந்தச் சிப்பாய்களின் பெயர் ஒன்றாவது உங்களில் யாருக்காவது தெரியுமா?

வடகரையான்:
படை கலைந்திருந்தால் பக்சாரே இல்லை, தாழைமடல். அந்தக் காலத்தில் எந்தத் தளபதி கலகத்தை மன்னித்தான்?

தாழைமடல்:
அப்படியானால் காஞ்சியில் நகராமல் இருந்ததற்கு அவரை யார் விசாரித்தார்கள் என்றும் சொல்லிவிடுங்கள்.