லா பாஸில் முதல் சில நாட்கள்

பொலிவியா போகிறவர்களில் பலர் லா பாஸில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, உயுனி உப்புவெளிக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் உப்புவெளி எங்கேயும் ஓடிப்போகாது. முதலில் இந்த ஊரில் சும்மா சுற்றுங்கள். வேகமாகச் சுற்ற எப்படியும் முடியாது!

விமானம் இறங்குவது லா பாஸில் இல்லை, அதற்கு மேலே எல் ஆல்ட்டோவில். உயரம் ஏறக்குறைய 4,060 மீட்டர். அங்கிருந்து டாக்ஸி வளைந்து வளைந்து கீழே இறங்குகிறது. பெரிய பள்ளம் ஒன்று, அதன் சரிவெல்லாம் பூசாத செங்கல் வீடுகள், தூரத்தில் பனி மூடிய இல்லிமானி மலை. கூட வந்த என் கணவர் போட்டோ எடுக்க ஜன்னலைத் திறந்தார். அந்த உயரத்துக்கு எனக்குத் தலை கனக்க ஆரம்பித்திருந்தது.

விடுதியில் எங்கள் அறை மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு மாடியிலும் நின்று, முதுகுப்பையைச் சுவரில் சாய்த்து, மூச்சு வாங்கி ஏறினோம். வரவேற்பில் இருந்த அம்மாள் கோகா இலை மிதக்கும் தேநீரை நீட்டிவிட்டு அந்த ஊர்ப் பழமொழி ஒன்றைச் சொன்னார்: மெல்ல நட, கொஞ்சமாகச் சாப்பிடு, தனியாகத் தூங்கு. கடைசி அறிவுரையைச் சொல்லும்போது எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். இவருக்கு ஸ்பானிஷ் தெரியாது, "என்ன சொல்றாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் சொல்கிறேன் என்று மேலே கூட்டிப்போனேன். கோகா தேநீர் அங்கே சட்டப்படி விற்கும் சாதாரணப் பானம்தான். ஆனால் இலையையோ தேயிலைப் பையையோ ஊருக்கு எடுத்து வர நினைக்காதீர்கள், கொகெய்ன் எடுக்கும் செடி என்பதால் பல நாடுகளில் தடை.

தலைவலி தணிந்ததும் டெலிஃபெரிக்கோ ஏறினோம். ரோப்கார்தான், ஆனால் சுற்றுலாவுக்காகக் கட்டியதல்ல. 2014இல் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நாட்டுக்கொடியின் நிறங்களில் மூன்று தடங்களோடு தொடங்கியது, இப்போது பத்துத் தடங்கள். நாங்கள் போனபோது ஒரு சவாரி 3 பொலிவியானோ. சிவப்புத் தடம் பழைய ரயில் நிலையத்திலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு மேலாகப் போய், பத்தே நிமிடத்தில் எல் ஆல்ட்டோவில் விடுகிறது. பெட்டியில் எதிரே பாவாடையும் வட்டத் தொப்பியுமாக ஓர் அய்மாரா பழங்குடிப் பாட்டி, மடியில் உருளைக்கிழங்கு மூட்டை. நான் கேமராவைத் தூக்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி என்று பைக்குள் வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவரே எங்களைப் பார்த்து, எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றதும் அடுத்த கேள்வி, "அங்கே உருளைக்கிழங்கு உண்டா?" உண்டு என்றேன். எத்தனை ரகம் என்றார். எனக்கு வாயடைத்துவிட்டது. உருளைக்கிழங்கு பிறந்ததே ஆண்டீஸ் மலையில்தான், அந்த ஊர்க்காரரிடம் அதைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி!

பல ஊர்களில் மலைமேல் வீடு என்றால் பணக்காரர் வீடு. இங்கே நேர்மாறு. பள்ளத்தின் அடியில், மையத்தைவிடச் சில நூறு மீட்டர் தாழ்ந்த தெற்குப் பகுதியில்தான் குளிரும் குறைவு, மூச்சும் சுலபம், வாடகையும் அதிகம். பச்சைத் தடத்தில் கீழே போனபோது பூசாத செங்கல் மறைந்து கண்ணாடிக் கட்டடங்களும் தோட்டங்களும் வந்தன. மிச்சமிருந்த தலைவலியும் குறைந்தது. வசதி என்பது இங்கே ஆக்ஸிஜனும்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

சூனியக்காரிகள் சந்தை என்று எல்லோரும் சொல்லும் லினாரெஸ் தெருவில் எனக்குப் பெரிய ஈர்ப்பு இல்லை. லாமா என்ற ஒட்டக இன விலங்கின் காய்ந்த சிசுக்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். வீடு கட்டும்போது பூமித்தாய் பச்சமாமாவுக்குக் காணிக்கையாக அஸ்திவாரத்தில் புதைப்பார்களாம். பாதிக் கடைகள் இப்போது எங்களைப் போன்றவர்களுக்குக் கம்பளிக் குல்லாய் விற்கின்றன. எல் ஆல்ட்டோவில் வியாழனும் ஞாயிறும் கூடும் சந்தைக்குப் போங்கள், கார் கதவு முதல் கல்யாணச் சட்டை வரை கிடைக்கும். பையை மட்டும் முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

நாங்கள் போனபோது முரியோ சதுக்கத்தில் நாடாளுமன்றக் கடிகாரம் இடப்பக்கமாகச் சுற்றியது. தென் அரைக்கோளத்தில் சூரியக் கடிகாரத்தின் நிழல் அப்படித்தான் நகரும் என்று 2014இல் மாற்றி வைத்தார்கள். இவர் தன் கைக்கடிகாரத்தை அதோடு ஒப்பிட்டுக் குழம்பி நிற்க, வரிக்குதிரை வேஷம் போட்ட ஒரு பையன் வந்து கையைப் பிடித்துச் சாலையைக் கடத்திவிட்டான். போக்குவரத்தை ஒழுங்குபடுத்த 2001இலிருந்தே இந்த வரிக்குதிரைகள் இருக்கின்றன. ஹாரன் அடித்த மினிபஸ்ஸை அவன் இடுப்பில் கைவைத்து முறைத்ததைப் பார்த்து ஓட்டுநரே சிரித்துவிட்டார்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, சால்டென்யா என்ற இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி காலையிலேயே சாப்பிட வேண்டியது, மதியத்துக்குள் தீர்ந்துவிடும். உள்ளே சூடான குழம்பு இருக்கும். முனையைக் கடித்து அதை முதலில் உறிஞ்சிவிடுங்கள், இல்லையென்றால் சட்டை காலி. சைவக்காரர்கள் பெரும்பாலும் சந்தைப் பழச்சாற்றையும் ரொட்டியையும் நம்ப வேண்டியதுதான். வேர்க்கடலை சூப்பிலும் இறைச்சி கிடக்கும், கேட்டு வாங்குங்கள். பழச்சாறு குடித்து முடித்ததும் எழுந்துவிடாதீர்கள், மிக்ஸியில் மிச்சமிருப்பதைக் கொசுறாக ஊற்றுவார்கள்.