நாயோடு கடற்கரை நடை: உங்களுக்கு என்ன கிடைத்தது?

அடையாறுக்காரர்:

எனக்குக் கிடைத்ததைவிட எங்கள் ஜிம்மிக்குக் கிடைத்ததுதான் அதிகம். பெரும்பாலும் அழுகிய மீன்தலை.

பெசன்ட் நகர் கடற்கரைக்கு விடியற்காலையில் வருபவர்கள் இரண்டு வகை. கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னத்தை எல்லையாக வைத்துக்கொண்டு, கையை வீசி வேகமாகப் போய்வருகிறவர்கள் ஒரு வகை. (1930இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரை விட்ட டென்மார்க் மாலுமி அவர். அந்தச் சுவரில் சாய்ந்து செல்ஃபி எடுப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.) நாய் இழுத்த இழுப்புக்குப் போகிறவர்கள் இன்னொரு வகை. ஓய்வு பெற்ற புதிதில் நான் முதல் வகை. ஜிம்மி வந்ததும் கட்சி மாறிவிட்டேன்.

தனியாக நடந்த காலத்தில் கால் மட்டும்தான் கடற்கரையில் இருக்கும். மனசு ஆபீஸில். எப்போதோ ஒரு மேலதிகாரி சொன்னதற்கு இன்றைக்குப் பதில் தேடிக்கொண்டே நடப்பேன். ஜிம்மி கூட இருந்தால் அது நடக்காது. பதில் சூடுபிடிக்கும் நேரத்தில் நண்டு வளை ஒன்றைப் பார்த்துவிட்டு நின்றுவிடும். மூக்கை உள்ளே விட்டு, மண்ணைப் பறித்து, அந்த நண்டு வேறு வாசல் வழியாக ஓடிப்போன பிறகும் அங்கேயே நிற்கும். நானும் நின்றாக வேண்டும். திரும்ப நடக்க ஆரம்பிக்கும்போது வாதம் எந்த இடத்தில் விட்டது என்றே நினைவிருக்காது. எனக்கு அமைதி வந்த வழி இவ்வளவுதான். தியானம் எல்லாம் இல்லை.

ஊரூர் குப்பம் வழியாக, அடையாறு கடலில் சேரும் இடத்தில் உள்ள உடைந்த பாலம் வரை போவோம். குப்பத்து நாய்கள் படகுக்கு அடியில் படுத்திருக்கும். அவற்றின் எல்லை தொடங்கும் இடம் ஜிம்மிக்கு நன்றாகத் தெரியும். வாலைத் தாழ்த்தி என் காலோடு ஒட்டிக்கொள்ளும். வலையில் மீன் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் ஏறிட்டுப் பார்த்து, "இன்னா சார், உங்க ஆளு இன்னிக்கு சவுண்டையே காணோம்?" என்பார்கள். ஒரு நாள் அது அலைக்குள் பாய்ந்தபோது ஒரு பெரியவர் அதட்டினார்: "ஆத்து வாய்கிட்ட விடாத சார். வெள்ளம் வடக்க இழுக்குது." மழையே இல்லாத மாதத்தில் என்ன வெள்ளம் என்று விழித்தேன். கடலின் நீரோட்டத்தைத்தான் அவர்கள் வெள்ளம் என்கிறார்கள். அன்றிலிருந்து முகத்துவாரத்தின் பக்கம் கயிறு என் கையில்தான்.

ஒரு பிப்ரவரி விடியலில் மணலில் டிராக்டர் ஏறி இறங்கியதுபோல் ஒரு தடம். ஜிம்மி மோப்பம் பிடித்து அதன் பின்னாலேயே இழுத்தது. அங்கே டார்ச்சோடு சில இளைஞர்கள் மண்டியிட்டிருந்தார்கள். பங்குனி ஆமை முட்டையிட்டுப் போன குழி. ஒன்றரை அடி ஆழத்தில் கிட்டத்தட்ட நூறு முட்டைகள். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இந்தக் கரையில் இரவு முழுக்க நடந்து முட்டைகளைச் சேகரித்து, பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். "அண்ணா, நாயைக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சுக்குங்க, நாய்ங்கதான் தோண்டித் தின்னுடுது" என்றாள் ஒரு பெண். கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தோம். ஜிம்மி ஒருமுறைகூடக் குரைக்கவில்லை.

2025 ஜனவரியில் நிலைமை வேறு. சென்னைக் கரை நெடுக நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. மூச்சு வாங்க மேலே வர முடியாமல் இழுவலைகளில் சிக்கிச் செத்தவை என்றார்கள். எதையும் விடாமல் முகர்ந்து பார்க்கும் ஜிம்மி, வீங்கிக் கிடந்த ஒன்றைக் கண்டதும் தூரத்திலேயே நின்றுவிட்டது. அமைதி தேடிப் போகிறவர்களுக்குக் கடல் எல்லா நாளும் அதைக் கொடுப்பதில்லை.

திருவான்மியூர் அம்மா:

சார் சொல்வதைப் படித்தால் பொறாமையாக இருக்கிறது. எங்கள் வீட்டு லாப்ரடாரோடு போனால் தோள்பட்டை வலிதான் மிச்சம்.

ஆனால் 2019 ஆகஸ்டில் ஓர் இரவு. அலைகள் நீலமாக ஒளிர்கின்றன என்று வாட்ஸ்அப்பில் வந்ததும் நாயையும் இழுத்துக்கொண்டு ஓடினோம். நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி, தண்ணீர் கலங்கும்போது ஒளி விடுமாம். சுற்றிலும் ஒரே கூச்சல், போன் வெளிச்சம். எங்கள் ஆள் அலையைக் கடிக்கப் பாய்வதும், ஒளி சிதறியதும் பயந்து பின்வாங்குவதுமாக இருந்தான். மாமியார் இறந்து பதினாறு நாள்கூட ஆகாத நேரம். என் கணவர் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கரையிலேயே உட்கார்ந்து அம்மாவைப் பற்றி நெடுநேரம் பேசினார். வீட்டுக்குள் வராத பேச்சு.

புதுவைவாசி:

எங்கள் ஊரில் இளைஞர்கள் பலருக்கு, கடற்கரைச் சாலையில் மணல் இருந்ததே தெரியாது. 1980களின் கடைசியில் கட்டிய துறைமுகத் தடுப்புகள், தெற்கிலிருந்து வரும் மணலை மறித்துவிட்டன. மிஞ்சியது கருங்கல். சில ஆண்டுகளுக்கு முன் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. கல்லில் மட்டுமே நடந்து பழகிய என் கிழட்டு நாய் முதன்முதலாக மணலில் புரண்டதைப் பார்த்தபோது, தாத்தா சொன்ன கதைகளை நம்பத் தோன்றியது.

நாயோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வலைக்காரர்கள் கழித்துப் போடும் மீனில் பேத்தை என்ற விஷ மீனும் கிடக்கும். வயிறு பந்தாக உப்பியிருக்கும். அதன் விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. நாய் வாயில் கவ்வினாலே பிடுங்கி எறியுங்கள். தின்றிருந்தால், தள்ளாடும் வரை காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். நீலச் சொறி (ஜெல்லிமீன் போன்ற கடல் உயிரி) காய்ந்து கிடந்தாலும் கொட்டும், அதையும் மிதிக்க விடாதீர்கள். அடையாறுக்காரரே, உங்கள் ஜிம்மியின் மீன்தலை ஆசையைப் படித்ததும் இதைச் சொல்லத் தோன்றியது.