மறு: கழுவாத பிலிமில் இருக்கும் படத்துக்கு என்ன பெயர்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். பழைய பிலிம் கேமராக்களுக்குத் தமிழில் கையேடு எழுதும் நண்பர் கேட்டது ஒரே ஒரு சொல்: லேட்டன்ட் இமேஜ். படம் எடுத்தாயிற்று, பிலிம் இன்னும் கழுவப்படவில்லை, அதாவது வேதிக்கரைசலில் போட்டுப் படத்தை வெளியே கொண்டுவரவில்லை. அந்த இடைக்காலத்தில் பிலிமில் இருக்கும் படத்துக்குப் பெயர் வேண்டும். ஸ்டுடியோக்காரர்களுக்கு இப்படி ஒரு சொல் தேவைப்படவில்லை. "கழுவாத ரோல்" என்றாலே அங்கே போதும். கையேட்டில் அது போதாது. ரோல் வேறு, ரோலில் இருக்கும் உரு வேறு.

> மறைவெப்பம் என்கிறோம், ஆகவே மறைவிம்பம் என்பதே பொருத்தம்.

இலங்கைப் பாடநூல் மரபில் இதற்கு மறுப்பே இல்லை. தமிழ்நாட்டில் அதே வெப்பம் (லேட்டன்ட் ஹீட்) உள்ளுறை வெப்பம். விம்பம் இங்கே பிம்பம். அதன்படி உள்ளுறை பிம்பம் என்று எழுதிவிட்டு இரண்டையும் அகராதியில் போட்டுவிடலாம், வேலை முடிந்தது. ஆனால் ‘மறை’ எனக்கு ஒட்டவில்லை. மறைந்திருப்பது என்றால் முழுதாக எங்கோ இருக்கிறது, நம் கண்ணுக்குத்தான் படவில்லை என்று ஆகும். கண்ணாடி டம்ளரில் பதிந்த கைரேகை அப்படிப்பட்டது. பொடி தூவினால் தெரிகிறது. பொடி ரேகையை உண்டாக்குவதில்லை. பிலிமில் நடப்பது இதுவல்ல.

நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், சொல் அதிலிருந்துதான் வர வேண்டும். பிலிமின் மேல் ஜெலட்டினில் சிதறிய வெள்ளி புரோமைடு படிகங்கள் இருக்கின்றன. ஒளி பட்டதும் படிகத்துக்குள் எலக்ட்ரான் விடுபட்டு, அதன் மேற்பரப்பில் உள்ள ஒரு குறைபாட்டில் போய்ச் சிக்குகிறது. அங்கே ஒரு வெள்ளி அயனி வந்து சேர்ந்து அணுவாகிறது. இதே இடத்தில் இது திரும்பத் திரும்ப நடந்து நாலைந்து அணுக்கள் கூடிவிட்டால் போதும். 1938இல் இயற்பியலாளர்கள் கர்னியும் மாட்டும் கொடுத்த விளக்கத்தின் சாரம் இதுதான். சாதாரண நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் இந்தத் துணுக்கு தெரியாது. ஆனால் உருத்துலக்கியில் (டெவலப்பர் கரைசலில்) போட்டதும், அந்தத் துணுக்கு இருக்கும் படிகம் முழுவதும் வெள்ளியாக மாறுகிறது. ஒரு படிகத்தில் நூறு கோடி அளவில் வெள்ளி அயனிகள் இருக்கும் என்றால், நாலு அணு எத்தனை மடங்கு பெருகுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். துணுக்கு இல்லாத படிகம் அப்படியே கிடக்கிறது.

(அந்தக் ‘குறைபாடு’ எங்கிருந்து வருகிறது என்பது தனிக்கதை. சில ஜெலட்டின்களில் செய்த பிலிம் மட்டும் ஏன் வேகமாக (குறைந்த ஒளியிலேயே பதிவதாக) இருக்கிறது என்று 1920களில் கோடாக் ஆய்வாளர் ஷெப்பர்டு தேடியபோது அகப்பட்டது, கடுகு எண்ணெயில் இருக்கும் கந்தகச் சேர்மம். ஜெலட்டின் மாட்டுத் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது. மாடு தின்ற தீவனத்தில் இருந்த கடுகுதான் காரணம் என்பார்கள்.)

ஆக, அங்கே முழுப் படம் ஒளிந்திருக்கவில்லை. படம் ஆவதற்கான தொடக்கம் மட்டும் தங்கியிருக்கிறது. புகைப்படக் கலை முன்னோடிகளில் ஒருவரான இங்கிலாந்தின் டால்பட் 1840 செப்டம்பரில் கண்டதும் இதைத்தான். அதற்கு முன் அவர் தாளை கேமராவுக்குள் வைத்து, ஒளியே அதைக் கறுக்கச் செய்யும்வரை காத்திருப்பார், அதற்கு மணிக்கணக்காகும். பாதி வேலையை மட்டும் ஒளியிடம் விட்டு, மீதியை வேதிப்பொருளிடம் கொடுக்கலாம் என்று தெரிந்ததும் காத்திருப்பு நிமிடங்களுக்கு இறங்கியது. 1841இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்.

> கருப்படம் என்று வைக்கலாமா?

கருத்து நல்லது. ஆனால் பிலிம் பற்றிய புத்தகத்தில் இதைப் பத்தில் ஒன்பது பேர் கறுப்புப் படம் என்றுதான் படிப்பார்கள்.

> உள்ளுரு?

எனக்கு மிகவும் பிடித்தது. ‘உரு’வை வைத்ததால் உருத்துலக்கி, உருத்துலக்கல் என்று ஏற்கெனவே உள்ள குடும்பத்தோடு சேர்ந்துகொள்கிறது. சிக்கல் வாய்விட்டுச் சொல்லும்போதுதான். "உள்ளுரு கெட்டுப்போச்சு" என்றால் கேட்பவர் எந்த ஊர் என்பார்.

அதனால் என் முன்மொழிவு: உறையுரு.

உள்ளுறையில் உள்ள அதே ‘உறை’, தங்குதல். கூடவே, பாலுக்கு ஊற்றும் உறையையும் அது நினைவூட்டுகிறது. கொஞ்சம் மோர் விட்டால் பானை முழுவதும் தயிராவது போலத்தான் நாலு அணு ஒரு படிகத்தையே மாற்றுகிறது. பிலிமின் மேல் உள்ள பூச்சுக்குப் பாடநூல்களில் பால்மம் என்று பெயர் இருப்பது தற்செயல்தான், இருந்தாலும் நன்றாக அமைந்துவிட்டது. உறை என்றால் கடித உறை, தலையணை உறை என்றும் வரும் என்று யாராவது சொல்வீர்கள். வரட்டும், ‘உரு’ சேர்ந்த பிறகு அந்தக் குழப்பம் வராது.

ஒரு சொல் தேறுமா என்பது அதிலிருந்து வேறு சொற்கள் பிறக்கின்றனவா என்பதில் தெரியும். கையேட்டுக்கு வேண்டிய வாக்கியங்களை எழுதிப் பார்த்தேன்:

"படம் எடுத்த பிலிமை வெயிலில் நிற்கும் காரில் போட்டுவைக்காதீர்கள். சூட்டிலும் ஈரத்திலும் உறையுரு தேயும்."

"எல்லா பிலிமும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. பான் எஃப் பிளஸ் பிலிமை எடுத்த மூன்று மாதத்துக்குள் கழுவிவிடுவது நல்லது என்று அதைத் தயாரிக்கும் இல்ஃபோர்டே சொல்கிறது. அதில் உறையுருத் தேய்வு அதிகம்."

"பழைய கிளிக் 3 கேமரா வாங்கினால் பின்மூடியைச் சட்டென்று திறக்காதீர்கள். உள்ளே யாரோ எடுத்த ரோல் இருக்கலாம். இருட்டில் எடுத்துக் கழுவினால், பன்னிரண்டு படங்களில் ஒன்றிரண்டாவது கிடைக்கலாம்."

மூன்றாவதைப் படித்துவிட்டு, இத்தனை வருஷம் கழித்து என்ன மிஞ்சும் என்று கேட்பவர்களுக்கு: 1897இல் பலூனில் வடதுருவம் போகப் புறப்பட்ட ஸ்வீடன் நாட்டு ஆந்த்ரே குழு பனியில் இறங்கி, நடந்து, கடைசியில் ஆர்க்டிக்கில் உள்ள க்விதோயா தீவில் இறந்துபோனது. 1930இல் அங்கே உடல்களோடு குழுவின் புகைப்படக்காரர் ஸ்ட்ரின்ட்பெர்கின் கேமராவும் பிலிமும் அகப்பட்டன. ஸ்டாக்ஹோமில் புகைப்பட வல்லுநர் ஹெர்ட்ஸ்பெர்க் அவற்றைக் கழுவி 93 படங்களை மீட்டார். பனியில் சாய்ந்து கிடக்கும் பலூனை நாம் இன்று பார்ப்பது அப்படித்தான். 33 ஆண்டுகள் பிலிமில் இருந்தது உறையுரு மட்டும். குளிர் இல்லாத ஊரில் இதை எதிர்பார்க்கக் கூடாது, அது வேறு.

உருத்துலக்கி இல்லாமல் உறையுருவால் பயனில்லை என்பதையும் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன். கோடாக்கின் வண்ண பிலிமான கோடாக்குரோமை முறைப்படி கழுவிவந்த கடைசிக் கூடம், அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் இருந்தது, 2010 டிசம்பர் 30க்குப் பிறகு ரோல் வாங்கவில்லை. அதன் பின் யார் வீட்டு அலமாரியிலாவது கோடாக்குரோம் ரோல் இருந்தால் கறுப்பு வெள்ளையாகக் கழுவிப் பார்க்கலாம், வண்ணம் வராது.

இன்னொன்று. ‘கழுவுதல்’ கொச்சை, நீக்கிவிடலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம். பிலிமைக் கொடுத்து வாங்கிய யாரும் வேறு சொல் சொன்னதில்லை. முழு வேலைக்கும் கழுவுதல் இருக்கட்டும். வேதிக்கரைசலில் உரு வெளிவரும் அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் உருத்துலக்கல். இல்லாவிட்டால் கடைசியில் தண்ணீரில் அலசும் கட்டத்தோடு குழம்பும்.

உறையுருவுக்கு மறுப்பு இருந்தால் வாக்கியத்தோடு அனுப்புங்கள். சொல்லை மட்டும் வைத்துப் பேசினால் எதுவும் நன்றாகத்தான் தெரியும். இலங்கை நண்பர்கள் மறைவிம்பத்தையே வைத்துக்கொள்வதானால் கையேட்டின் சொற்பட்டியலில் அதையும் பக்கத்தில் போடலாம். உருவை நிலைக்கச் செய்யும் கரைசலான ஃபிக்சருக்கு ‘நிலைநிறுத்தி’யா ‘நிறுத்தி’யா என்ற கேள்வியை இதில் கலக்காமல் தனி இழையாகத் தொடங்குங்கள். உருத்துலக்கலை நிறுத்தும் கரைசலான ஸ்டாப் பாத்துக்கும் ‘நிறுத்தி’ என்று ஒருவர் ஏற்கெனவே எழுதிவிட்டார்.

அன்புடன்