நீடில்ஸில் தனியாக ஒரு நாள் நடை: யாராவது போயிருக்கிறீர்களா?

ஒற்றைச்சக்கரம்:

அக்டோபர் நடுவில் ஆறு நாள் லீவு கிடைத்திருக்கிறது. கூட வருவதாக இருந்த தோழி போன வாரம் கழன்றுகொண்டாள். டிக்கெட்டை ரத்து செய்ய மனம் வரவில்லை, சரி தனியாகவே போய்ப் பார்ப்போம் என்று லாஸ் வேகாஸில் வாடகைக்கு ஒரு காரும் சொல்லிவிட்டேன். சாதாரண செடான், ஃபோர் வீல் டிரைவ் எல்லாம் கிடையாது.

சயான், ப்ரைஸ், கேபிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் என்று யூட்டாவின் ஐந்து தேசியப் பூங்காக்களையும் ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடலாம் என்பது திட்டம். ஆனால் மனதைத் தொட்டுச் சொன்னால் ஆசை ஒரே இடத்தின் மேல்தான், அது கேன்யன்லேண்ட்ஸின் நீடில்ஸ் பகுதி. எலிஃபண்ட் ஹில்லில் காரை நிறுத்திவிட்டு ட்ரூயிட் ஆர்ச் என்ற பாறை வளைவு வரை நடந்து திரும்ப வேண்டும். போக வர பதினோரு மைல் பக்கம் வருகிறது. மலைப்பாதையில் அந்த தூரம் நடந்து பழக்கம் உண்டு, ஆனால் எப்போதும் கூட்டத்தோடு, எப்போதும் மரநிழலில். பாலைவனத்தில் ஒரு மைல்கூட நடந்ததில்லை.

தனியாகப் போவது முட்டாள்தனமா? எவ்வளவு தண்ணீர் சுமக்க வேண்டும்? நடைபாதை தொடங்கும் அந்த ட்ரெயில்ஹெட் வரை செடான் போகுமா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, அதற்கும் யாரிடமாவது யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

பாறைப்பல்லி:

முதல் வேலையாக அந்த ஐந்து பூங்காத் திட்டத்தைக் கிழித்துப் போடுங்கள் அண்ணா. வேகாஸிலிருந்து, ஆர்ச்சஸுக்கும் கேன்யன்லேண்ட்ஸுக்கும் பக்கத்து ஊரான மோவாபுக்கு எங்கும் நிற்காமல் ஓட்டினாலே 460 மைல் பக்கம், ஏழு மணி நேரம். போகும்போது கடிகாரத்தில் ஒரு மணி நேரம் வேறு பறிபோகும், ஏனென்றால் நெவாடா பசிபிக் நேரம், யூட்டா மவுண்டன் நேரம். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று கழித்தால் மீதி நாலு நாள். அதில் ஐந்து பூங்கா என்றால் ஐந்து பார்க்கிங்கைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

நீடில்ஸுக்கு நான் இரண்டு தடவை போயிருக்கிறேன், முதல் தடவை தனியாக. கார் விஷயத்தில் கவலை வேண்டாம். எலிஃபண்ட் ஹில்லுக்குப் போகும் கடைசி மூன்று மைல் மட்டும் சரளைச் சாலை, காய்ந்திருந்தால் செடான் மெதுவாகப் போய்விடும். அங்கிருந்து மேலே தொடங்கும் ஜீப் பாதை வேறு சமாச்சாரம், அதைப் பார்த்ததும் உங்களுக்கே புரிந்துவிடும்.

வழிதான் பெரிய விஷயம். மரத்தில் அடித்த பெயிண்ட் அடையாளத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும், ஏனென்றால் மொட்டைப் பாறை மேல் நடக்கும் இடங்களில் பாதை என்று ஒன்று தரையில் தெரியாது, முழங்கால் உயரத்துக்கு, சில இடங்களில் அதற்கும் கீழே, கல்லை அடுக்கி வைத்திருப்பார்கள், அதுதான் வழி. ஒரு கல் அடுக்கின் பக்கத்தில் நின்று அடுத்தது கண்ணில் பட்ட பிறகுதான் காலை எடுக்க வேண்டும். இது எனக்கும் தெரியும். தெரிந்தும் எலிஃபண்ட் கேன்யனின் மணலில் இறங்கியதும் காலடித் தடங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன், நிறைய தடம், ஒரு படையே போனதுபோல. கால் மணி நேரம் கழித்து ஒரு பாறைச் சுவர் முன்னால் போய் நின்றபோதுதான் கவனித்தேன், எனக்கு முன்னால் வந்த அத்தனை பேரும் அங்கே வரை வந்து திரும்பியிருந்தார்கள்.

அதோடு விட்டேனா? மேலே ஏறிப் பார்த்தால் வழி தெரியும் என்று பக்கத்துச் சரிவில் ஏறினேன். அந்த மணற்பாறை ஷூவை அப்படிப் பிடிக்கும், ஏறுவது ஏணிப்படி மாதிரி இருக்கும். திரும்பி இறங்கப் பார்த்தால் கால் வைக்க வேண்டிய இடம் வயிற்றுக்குக் கீழே மறைந்து போயிருந்தது. இருபது நிமிஷம் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு யோசித்துவிட்டு, கடைசியில் உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்கி வந்து சேர்ந்தேன். பேண்ட் போயிற்று, தோல் கொஞ்சம் போயிற்று. (பெயர்க் காரணம் கேட்காதீர்கள்.) இறங்கத் தெரியாத இடத்தில் ஏறாதீர்கள், தனியாக இருக்கும்போது கண்டிப்பாக வேண்டாம்.

தண்ணீர் ஒரு நாளைக்கு நாலு லிட்டர், வெயில் அதிகம் என்றால் ஐந்து. ட்ரெயிலில் நம்பிப் போக ஊற்று கிடையாது, விசிட்டர் சென்டரிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே போனால் உடம்பில் உப்பு நீர்த்துப்போய்த் தலைசுற்றலும் வாந்தியும் வரும், அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் குடிப்பார்கள். கூடவே உப்புக் கடலை, ப்ரெட்ஸல் மாதிரி எதையாவது கொறித்துக்கொண்டே போங்கள்.

நாலுகால்பாய்ச்சல்:

என்னைக் கேட்டால் தனியாக அங்கே வேண்டாம். சிக்னல் கிடையாது, கணுக்கால் பிசகினால் யார் தூக்குவார்கள்? சயானுக்குப் போங்கள். ஷட்டில் பஸ் இருக்கிறது, ட்ரெயில் முழுக்க மனிதர்கள், ஆசைக்கு ஆசையும் ஆயிற்று.

மழைமானி:

சயானில் கூட்டம் இருக்கிறது என்பதற்காக அது பத்திரம் என்று ஆகிவிடாது. அங்கே ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை உச்சிக்குச் சங்கிலியைப் பிடித்து ஏறும் பகுதியில் நெரிசல் தாங்காமல்தான் 2022 ஏப்ரலிலிருந்து குலுக்கலில் பெர்மிட் கொடுக்கிறார்கள்.

யாரும் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். பாலைவனத்தில் வெள்ளமா என்று சிரிப்பவர்கள் உண்டு. மொட்டைப் பாறை தண்ணீரைக் குடிக்காது, பெய்வது அத்தனையும் வழிந்து கீழே இருக்கும் பள்ளத்துக்குத்தான் வரும், அந்தப் பள்ளத்தில்தான் நாம் நடக்கிறோம். 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் 11 பேர் அடித்துச் செல்லப்பட்டுச் செத்துப்போனார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி மேலே. 2015 செப்டம்பரில் சயானின் கீஹோல் கேன்யனில் ஏழு பேர். உங்கள் தலைக்கு மேல் நீலவானம் இருக்கிறதா என்பது ஒரு பொருட்டே இல்லை.

இந்தப் பக்கம் இடிமழைக் காலம் பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் நடுவில் அந்த அளவு பயமில்லை. எலிஃபண்ட் கேன்யனும் இரண்டு தோள் உரசும் இடுக்கு அல்ல, ஏறித் தப்ப பல இடங்களில் மேடு இருக்கிறது. இருந்தாலும் முந்தின நாள் மாலையே ரேஞ்சரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், காலையில் நீங்கள் கிளம்பும் நேரத்துக்கு அலுவலகம் திறந்திருக்காது. காய்ந்த ஓடையில் திடீரென்று கலங்கல் தண்ணீரும் குச்சி சருகும் வர ஆரம்பித்தால் போட்டோ எடுக்காமல் மேலே ஏறுங்கள், அவ்வளவுதான்.

மண்புழு:

கேட்காத கேள்விக்குப் பதில், மன்னிக்கவும். பாதை ஓரத்தில் மண் கறுப்பாக, கருகிய பொரி மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். அது உயிருள்ளது. சயனோபாக்டீரியா, லைக்கன், பாசி எல்லாம் சேர்ந்து மணலைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கும் தோல் அது. ஒரு தடவை மிதித்தால் தேற பல வருஷம், சில இடங்களில் பல பத்து வருஷம்கூட ஆகும். செல்ஃபிக்காக ஓரமாக இறங்கும்போது பாறை மேலோ ஓடை மணலிலோ கால் வையுங்கள், அதன் மேல் வேண்டாம்.

அப்புறம், பாறைக் குழிகளில் மழைத்தண்ணீர் தேங்கி இருந்தால் குனிந்து உட்கார்ந்து ஐந்து நிமிஷம் பாருங்கள். விரல்நகம் அளவுக்கு இறால் குஞ்சு மாதிரி ஏதோ நீந்தும். தண்ணீர் வற்றியதும் முட்டைகள் புழுதியோடு புழுதியாகப் பல வருஷம்கூடக் காய்ந்து கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். சன்ஸ்க்ரீன் தடவிய கையை மட்டும் அதில் விட்டுவிடாதீர்கள்.

ஒற்றைச்சக்கரம்:

எல்லோருக்கும் நன்றி. பாறைப்பல்லி, நான் அண்ணா இல்லை, அக்கா. சயான், ப்ரைஸ், கேபிடல் ரீஃப் மூன்றையும் வெட்டிவிட்டேன், கை நடுங்கத்தான் செய்தது. நீடில்ஸுக்கு இரண்டு நாள், மோவாப் பக்கம் இரண்டு நாள் என்று வைத்திருக்கிறேன். என் போனில் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது, அது போதுமா, இல்லை தனியாக ஒரு கருவி வாங்க வேண்டுமா?

தூசிக்கண்ணாடி:

அக்கா, அந்த வசதி வேலை செய்ய வானம் தாராளமாகத் தெரிய வேண்டும். உயரமான சுவர்களுக்கு நடுவில் நின்றால் செய்தி போக நேரம் எடுக்கும், சில சமயம் போகவே போகாது. கார்மின் இன்ரீச் மாதிரி கருவிக்கும் அதே வானம்தான் வேண்டும், ஆனால் பேட்டரி நாள்கணக்கில் நிற்கும், அதனால் வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள், கிடைக்காவிட்டால் அதற்காகப் பயணத்தை நிறுத்த வேண்டாம்.

அதைவிட முக்கியம் ஒரு துண்டுக் காகிதம். 2003இல் இதே கேன்யன்லேண்ட்ஸுக்குப் பக்கத்தில் ப்ளூஜான் கேன்யனில் ஆரோன் ரால்ஸ்டன் என்பவரின் கை ஒரு பாறைக்கு அடியில் மாட்டிக்கொண்டது, ஐந்து நாளுக்கு மேல் கிடந்து கடைசியில் தானே கையை வெட்டிக்கொண்டு வெளியே வந்தார். நல்ல அனுபவசாலி. எங்கே போகிறேன் என்று ஒருவரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை, அதனால் அவரை எங்கே தேடுவது என்றே யாருக்கும் தெரியவில்லை. ட்ரெயில் பெயர், காரின் நிறம், நம்பர், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாருக்குப் போன் செய்ய வேண்டும், இவ்வளவையும் பதறாத ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். அம்மா வேண்டாம்.

பெட்ரோல் பற்றியும் ஒரு வார்த்தை. மோவாபுக்குப் போகும் வழியில் ஐ-70 சாலையில் சலைனா என்ற ஊரைத் தாண்டினால் அடுத்த ஊரான க்ரீன் ரிவர் வரை நூறு மைலுக்கு மேல் ஒரு பங்க்கூடக் கிடையாது. இன்னும் பாதி டேங்க் இருக்கிறதே என்று நினைக்காமல் சலைனாவிலேயே நிரப்பிவிடுங்கள். நீடில்ஸ் பூங்காவுக்குள்ளும் பெட்ரோல் இல்லை. தங்குவதற்கு மோவாபைவிட மான்டிசெல்லோ என்ற ஊர் நீடில்ஸுக்குப் பக்கம், ஒரு மணி நேர ஓட்டம். 211ஆம் சாலையில் மாடுகள் அவை பாட்டுக்கு நிற்கும், விடிவதற்கு முன்னால் விரட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இன்னொன்று, திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். அங்கே போய் முடிவு செய்தால் எப்போதும் இன்னும் கொஞ்சம் என்றுதான் தோன்றும். பாதித் தண்ணீர் தீர்ந்தாலும் திரும்பிவிடுங்கள்.

ஒற்றைச்சக்கரம்:

போய்விட்டு வந்தாயிற்று. கேட்டவள் சொல்லாமல் போகக்கூடாது அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

மான்டிசெல்லோவில் காலையில் கார்க் கண்ணாடியில் பனி உறைந்திருந்தது, அதைச் சுரண்டவே பத்து நிமிஷம். மாடுகள் நின்றன, நானும் நின்றேன். நடக்க ஆரம்பித்தது எட்டரை மணிக்கு. பன்னிரண்டரைக்குத் திரும்புவது என்று தங்கையிடம் எழுதிக் கொடுத்திருந்தேன். முதல் இரண்டு மைலில் ஒரு பாறைப் பிளவுக்குள் நுழைந்து வெளியே வந்ததும் அந்தச் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட தூண்கள் வரிசையாகத் தெரிந்தன, அங்கேயே அரை மணி நேரத்தை விட்டுவிட்டேன். எலிஃபண்ட் கேன்யனில் இறங்கியதும், பாறைப்பல்லி, நீங்கள் சொன்ன காலடித் தடங்கள் எனக்கும் கிடைத்தன. பத்தடி போய்விட்டு, உங்கள் பேண்ட் நினைவுக்கு வந்து, திரும்பிக் கடைசிக் கல் அடுக்குக்கே போய்த் தேடினேன். அடுத்தது இடது பக்கம் ஒரு புதருக்குப் பின்னால் இருந்தது.

ட்ரூயிட் ஆர்ச்சுக்குக் கொஞ்சம் முன்னால் பாறையில் ஏற ஏணி வைத்திருக்கும் இடத்துக்கு வந்தபோது பன்னிரண்டு நாற்பது. நாலரை லிட்டரில் ஒன்றரைதான் பாக்கி. மேலிருந்து இறங்கிய இரண்டு பேர் இன்னும் பதினைந்து நிமிஷம்தான், வாருங்கள் என்றார்கள். ஏணியில் ஒரு கையை வைத்துவிட்டேன், அப்புறம் எடுத்துவிட்டேன். கொஞ்சம் தள்ளி ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து ஷூவிலிருந்து மணலைக் கொட்டிக்கொண்டிருந்தபோது ஒரு அண்டங்காக்கை வந்து பையின் ஜிப்பை அலகால் இழுத்துத் திறந்து ப்ரெட்ஸல் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவசரமே படவில்லை, இதற்கு முன்னால் நூறு பையைத் திறந்த கைப்பக்குவம். திரும்பி வந்து காரைத் தொட்டபோது பாட்டிலில் ஒரு மடக்கு இருந்தது.

சிக்னல் 191ஆம் சாலையில் ஏறிய பிறகுதான் வந்தது. தங்கையிடமிருந்து பதினாறு செய்திகள், கடைசி மூன்றும் வெறும் கேள்விக்குறி. அவள் பூங்காவுக்குப் போன் செய்ய நான் கொடுத்திருந்த கெடுவுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

நாலுகால்பாய்ச்சல்:

பதினைந்து நிமிஷம்தானே, ஏறிப் பார்த்துவிட்டு வந்திருக்கலாமே!

ஒற்றைச்சக்கரம்:

போகவே வேண்டாம் என்றவர் நீங்கள்தானே? எனக்கும் எரிச்சல்தான், படுத்தால் அந்த ஏணிதான் வருகிறது. ஏப்ரலில் லீவு கேட்டிருக்கிறேன். மண்புழு, குழிகள் எல்லாம் வறண்டு கிடந்தன, ஒன்றில் மட்டும் உள்ளங்கையளவு தண்ணீர் இருந்தது, ஐந்து நிமிஷம் பார்த்தேன், ஒன்றும் நீந்தவில்லை. ஏப்ரலில் இருக்குமா?